அந்த 87 சதவீதம்

பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்த வாரம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அனுப்பிய 43 அசைன்மெண்ட்டுகள் என் லேப்டாப்பில் காத்திருந்தன. தலைப்பு நான் கொடுத்ததுதான்: உங்கள் ஊரில் நடக்கும் ஒரு வேலை, அல்லது உங்கள் பக்கத்து ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு மனிதர். ஆங்கிலத்தில் 800 சொற்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் இதற்கு 5. இந்த ஐந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போகிற இவ்வளவு களேபரமும் அந்த ஐந்துக்காகத்தான்.

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினாறு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து வருகிறவர்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. எங்கள் காரிடாருக்கு அது வந்து சேர இன்னும் சில மாதம் ஆனது, அதுவும் லீவு லெட்டர் வழியாக. 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, வயிற்றுவலிக்கு மூன்று பத்தி எழுதிக் கொடுத்தான் ஒருவன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அடுத்த செமஸ்டரில் யாரும் சிரிக்கவில்லை.

கையால் எழுதி வரச் சொன்னால் சரியாகிவிடும் என்று ஒரு சகா சொன்னார். அப்படியே வாங்கினார். ஒரு மாணவி, 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்று இயந்திரம் ஆங்கிலத்தில் சொன்ன முதல் வரியையும் சேர்த்து முத்து முத்தாக எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அதனால்தான் நான் அந்த இணையதளத்துக்குப் போனேன். கட்டுரையை ஒட்டினால், இது மனிதர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று சதவீதத்தில் சொல்லும். காசு கிடையாது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். பெரும்பாலும் பச்சை. சிலது மஞ்சள். ஒன்று மட்டும் பளிச்சென்று சிவப்பில் வந்தது, 87 சதவீதம்.

எழுதியது ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்துப் பெண். அப்பா அம்மா இருவரும் காப்பித் தோட்டத்தில் கூலி. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கட்டுரை காப்பி காயப்போடுவது பற்றி. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வாய் திறக்காத பெண் தப்பில்லாமல் ஆங்கிலம் எழுதினால் சந்தேகப்பட வேண்டியதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிவப்பைப் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவு கட்டியிருந்தேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறை.

"இதை நீயாம்மா எழுதின?"

"ஆமாங்க மேம்."

"நீயேவா? ஃபோன்ல எதுவும் பார்க்கலையா?"

பதில் இல்லை. கீழே பார்த்தாள். சுடிதார் ஷாலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். ஃபோனில் எதையோ பார்த்திருந்ததால்தான் அவள் பேசவில்லை, அது உண்மை. ஆனால் அது என்ன என்று நான் கேட்கவே இல்லை.

துறைத் தலைவர் சதவீதத்தைப் பார்த்ததுமே, "அறுபதுக்கு மேல போயிருச்சே மேடம், மூணாம் நிலை. வீட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார். அவர் மனதில் இருந்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை. கருத்துத் திருட்டைப் பற்றிய அந்த விதியில் 10 சதவீதம் வரை பொருட்படுத்த வேண்டாம், 40 வரை முதல் நிலை, 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என்று படிக்கட்டு உண்டு. ஆனால் அது ஒப்புமைக் கணக்கு. உங்கள் கட்டுரையில் இத்தனை பங்கு ஏற்கெனவே அச்சிலோ இணையத்திலோ இருக்கிறது, இதோ அந்தப் பக்கம், இதோ அந்த வரி என்று பக்கத்தில் வைத்துக் காட்டிவிடலாம். நான் வைத்திருந்த 87-க்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட எதுவுமே கிடையாது. ஒரு மென்பொருளின் ஊகம் அது. இரண்டும் சதவீதக் குறியோடு வருவதால் ஒன்றென்று எடுத்துக்கொண்டோம். நானும்தான், தலைவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். காப்பிப் பழம் பறிக்கிற காலம். காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"எம்புள்ள என்னங்க பண்ணிருச்சு?"

கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தரும், அதைக் கொண்டுவந்து கொடுத்தால் தப்பு என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "பொங்கலுக்கு வந்தப்ப மூணு ராத்திரி உக்காந்து எழுதுச்சுங்களே, அப்ப அது என்னதுங்க?" என்று மஞ்சப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்த நோட்டு. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தாராம்.

பதினோரு பக்கம், பென்சிலில், தமிழில். களத்தில் பழத்தை எத்தனை மணிக்குப் பரப்புவது, எப்போது கிளறிவிடுவது, மேகம் திரண்டால் தார்ப்பாயை யார் எந்த மூலையைப் பிடித்து இழுப்பது, எல்லாம் இருந்தது. காய்ந்துவிட்டதா என்று அவள் பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பார் என்று ஒரு பக்கம். ஒரு கை பழத்தை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே கொட்டை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்தாயிற்று. சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். பாட்டிக்கு ஒரு காது சரியாகக் கேட்காதாம். அதனால் நல்ல காது பக்கம் குலுக்குவாராம். வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு முதுகில் வியர்த்தது.

அந்தப் பாட்டி ஆங்கிலக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அங்கே இருந்தது, 'காப்பியின் தரத்தில் சூரிய ஒளி முக்கியப் பங்கு வகிக்கிறது' என்ற வாக்கியம். ஆங்கிலத்தில் 'ப்ளேஸ் எ வைட்டல் ரோல்'. தமிழ்நாட்டில் பன்னிரண்டாவது எழுதிய எல்லோருக்கும் இந்த நான்கு சொற்களைத் தெரியும். 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்' இருந்தது. 'டு கன்க்ளூட்' இருந்தது.

தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் எழுதிய வரிகளை ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருக்கிறாள். வந்ததில் புரிந்ததை எடுத்துக்கொண்டு, புரியாததை விட்டுவிட்டு, நடுநடுவே பள்ளியில் மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கோத்திருக்கிறாள்.

"பாட்டி காதுகிட்ட குலுக்கறதை ஏம்மா விட்டுட்ட?"

"அதெல்லாம் இங்கிலீஷ்ல எழுதற விஷயமாங்க மேம்?"

பதினாறு வருடமாக நான் பாடம் நடத்தியதன் மேல் ஒரு விமர்சனம் அது. அவளுக்குத் தெரிந்து சொல்லவில்லை.

துறைத் தலைவர் விடவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியும் ஏஐதானே என்றார். வாதத்துக்குச் சரிதான். ஆனால் செயலியைத் தொடக்கூடாது என்று நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. அகராதி பார்க்கலாம், தோழியிடம் கேட்கலாம், டியூஷன் மாஸ்டர் திருத்திக் கொடுக்கலாம். ஃபோனில் மொழிபெயர்த்தால் மட்டும் குற்றம் என்பது எந்தத் தாளில் இருந்தது? சொல்லாத விதியை மீறியதற்காக ஒரு கூலித்தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தைப் பிடுங்கியிருந்தோம்.

அந்த வாரம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் என்றது. இது அவர்களே சொன்ன கணக்கு. அந்த ஜூலையிலேயே, துல்லியம் போதவில்லை என்று கருவியை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் செய்கிற டர்னிடின் நிறுவனத்தின் ஏஐ கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் அணைத்து வைத்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று வெறும் பெருக்கல் கணக்கு. நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்று வைத்துக்கொண்டாலும், 2022-ல் தங்களிடம் வந்த 75,000 கட்டுரைகளில் 750 பேர் மேல் வீண்பழி விழுந்திருக்கும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று கருவிகள் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் அநேகமாகத் தப்பே வரவில்லை. அடுத்ததுதான் கூத்து. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னபோது, அந்த 61 ஏறக்குறைய 12-க்கு இறங்கிவிட்டது. இயந்திரம் தொட்ட பிறகுதான் மனிதர் எழுதியதாகத் தெரிந்திருக்கிறது.

காரணம் பெரிய ரகசியமில்லை. இந்தக் கருவிகள் பலவும், ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பது எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. எல்லாச் சொல்லும் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், இயந்திரம் என்று சொல்லிவிடும். 'ப்ளேஸ் எ வைட்டல்' வரை வந்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று எங்கள் பியூனே சொல்லுவார். குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, பாதுகாப்பான பாதையில் மட்டும் நடக்கிற ஆங்கிலம் அது. அந்த ஆங்கிலத்தைக் கைடு போட்டு, கோடிட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, பத்துக்கு ஒன்பது போட்டு வளர்த்தது யார்?

இதைப் படித்தபோது என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊரில் எப்போதும் உண்டு. ஒரு முறை புதிதாக வந்த பையன் ஒருவன், ஸ்கூலில் செய்த சோதனை என்று சொல்லி அயோடின் பாட்டிலோடு வந்து மாவின் மேல் ஒரு சொட்டு விட்டான். நீலமாக மாறியதும், "சுத்தமான மாவுங்க" என்றான். அப்பா சிரித்துவிட்டார். "நீலம் ஆச்சுன்னா மாவுன்னுதான் அர்த்தம். எந்த மாவுன்னு அர்த்தம் இல்ல, தம்பி." சோளமாவும் அதே நீலம்தான் ஆகும். எந்த மாவு என்று தெரிய வேண்டுமானால் மைக்ராஸ்கோப்பில் வைத்து மணியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கிழங்கு மாவின் மணி ஒரு பக்கம் வெட்டிவிட்ட உருண்டை மாதிரி இருக்கும், சோளத்துடையது மூலை மூலையாக. நான் அந்த 87-ஐ வைத்துக்கொண்டு ஆடியது அயோடின் பாட்டில் பையனின் ஆட்டம்தான்.

நிஜமாகவே செய்தவன் ஒருவனும் அதே 43-ல் இருந்தான். கருவி அவனுக்குக் கொடுத்தது 4 சதவீதம், நல்ல பச்சை. அவன் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி எழுதியிருந்தான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர், 1863-ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவர். நல்ல தலைப்புதான். ஆனால் கட்டுரையில் அந்தக் கோடரி பல்லாவரத்திலிருந்து கிளம்பி ஏற்காடு ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. கூடவே மேற்கோள் நூல் என்று ஒரு தலைப்பு. எங்கள் நூலகரும் நானும் எங்கே தேடியும் அப்படி ஒரு புத்தகம் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை ஸ்டாஃப் ரூமில் கேட்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு காலியான ரூமில், தமிழிலேயே கேட்டேன். கோடரியை எங்கே எடுத்தார் தம்பி? இந்தப் புத்தகம் யாரிடம் இருந்தது? இரண்டாவது கேள்விக்கே சிரித்துவிட்டான்.

"போட்டதுதாங்க மேம். செகண்ட் இயர் பையன் எழுதற மாதிரி, கொஞ்சம் தப்போட எழுதுன்னு கேட்டேன். கரெக்டா குடுத்துச்சு."

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை வைக்கிறானாம். முடிய ராத்திரி பதினொன்று ஆகும். கையில் அவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு கற்கோடரிக்கு எதற்குப் போனாய் என்றேன். "அது தினமும் பண்றதுதானே மேம், அதுல எழுத என்ன இருக்கு?" என்றான். காப்பிப் பெண் கேட்ட அதே கேள்வி, வேறு சொற்களில். தன் வீட்டில் நடப்பது கட்டுரைக்கு ஆகாது என்று பிள்ளைகளை நம்ப வைத்துவிட்டால், அந்தக் காலி இடத்தை நிரப்ப ஃபோன் தயாராக இருக்கிறது.

பூஜ்யம் போடச் சொன்னார்கள். போடவில்லை. ஒரு மத்தியானம் என் எதிரே உட்கார வைத்து, கொலுசு வேலையைப் பற்றிக் கையால் எழுத வைத்தேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. வினைச்சொற்களின் காலம் எல்லாம் முன்பின்னாக மாறியிருந்தது, ஆனால் பற்றவைக்கும்போது சூடு கொஞ்சம் கூடினால் முழுச் சரமும் உருகிப் போவதை எழுதியிருந்தான். ஐந்துக்கு மூன்று கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு நோட்டையும் கட்டுரையையும் சேர்த்துப் படித்து நான்கு. அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க, புள்ள படிச்சா சரி" என்று நோட்டை மறுபடி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

இப்போது செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு தாள் கொடுக்கிறேன், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். மொழிபெயர்ப்புச் செயலி பயன்படுத்தலாம், இலக்கணம் சரிபார்க்கக் கேட்கலாம், ஆனால் எதை எதற்குப் பயன்படுத்தினாய் என்று கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டும். முழுக் கட்டுரையை வாங்கி ஒட்டக் கூடாது. முதல் குறிப்புகளை எந்த மொழியில் இருந்தாலும் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு ஆசிரியர்கள், தனி அறை, சந்தேகத்துக்கான காரணம் அவர்கள் கண்முன்னால், பேச்சு அவர்களுக்கு வசதியான மொழியில். கருவி காட்டுகிற சதவீதத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிடுவது கடைசிக்கும் கடைசி. துறைத் தலைவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எளிதாக இல்லை. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 43 பேருக்கு மூன்றரை மணி நேரம், எனக்கு இப்படி மூன்று வகுப்பு. எல்லோரிடமும் பேச முடிவதில்லை, உதைக்கிற கட்டுரைகளை மட்டும் எடுக்கிறேன். போன செமஸ்டரில் ஒன்பது பேரைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆறு பேர் எழுதியதைத் தடுமாறாமல் விளக்கினார்கள். ஒருவன் மட்டும் தானே எழுதியதாகச் சாதித்தான். எனக்கு இன்னமும் நம்பிக்கையில்லை. கையில் வைத்துக் காட்ட எதுவும் இல்லாததால் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டேன். "உங்களை நல்லா ஏமாத்தறானுங்க மேடம்" என்கிறார் பக்கத்து மேஜைக்காரர். இருக்கலாம். பேச வராத பிள்ளை தான் எழுதியதையே சொல்ல முடியாமல் திணறுவதும் உண்டு, அதையும் பார்க்கிறேன்.

அந்த 87 வந்த செமஸ்டரிலேயே அடுத்த அசைன்மெண்ட் பிப்ரவரி கடைசியில் வந்தது. காப்பிப் பெண்ணின் கட்டுரையை முதலில் எடுத்தேன். பாட்டி வந்திருந்தார், நல்ல காது பக்கம் குலுக்குவதோடு. 'வைட்டல் ரோல்' போயிருந்தது. ஆனால் பிழைகள், அதுவும் வினோதமான இடங்களில். முதல் பத்தியில் சரியாக எழுதிய 'கிராண்ட்மதர்' மூன்றாம் பத்தியில் ஒரு எழுத்தைத் தொலைத்திருந்தது. 'வாஸ்' வர வேண்டிய இடத்தில் இரண்டு தடவை 'இஸ்'. இந்தத் தப்புகளை அவள் வகுப்புத் தேர்வில் செய்ததே இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன், காலியான அறையில்தான்.

"அப்படி இருந்தாத்தான் நான் எழுதினதுன்னு நம்புவீங்கன்னு நெனச்சேங்க மேம்."

எத்தனை தப்பு அப்படி வேண்டுமென்றே போட்டாள் என்று கேட்டேன். ஏழு என்றாள். நான் ஐந்துதான் கண்டுபிடித்திருந்தேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி, சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுத்தேன். மீதி இரண்டையும் அவளே காட்டினாள்.